நாலரை மணி நேர ஊசி

மூளைக்குப் போகும் ரத்தக்குழாயில் அடைப்பு ஏற்பட்டு வரும் பக்கவாதத்துக்கு, அடைப்பைக் கரைக்கும் ஊசி உண்டு. மதுரையைச் சுற்றியுள்ள கிராமங்களில் பலருக்கு இது இன்னும் தெரியாது. கை கால் விழுந்தவுடன் புறா ரத்தம் தேய்ப்பவர்கள் இன்றும் இருக்கிறார்கள்.

ஆல்டிப்ளேஸ் என்ற அந்த மருந்தை 3 மணி நேரத்துக்குள் கொடுத்துப் பார்த்த அமெரிக்க ஆய்வு 1995இல் வெளியானது. மூன்று மாதம் கழித்து, ஊசி போட்ட 100 பேரில் 39 பேர் ஏறக்குறையப் பழைய நிலைக்குத் திரும்பியிருந்தார்கள். போடாதவர்களில் 26 பேர். 2008இல் வந்த ஐரோப்பிய ஆய்வு கெடுவை நாலரை மணி நேரமாக நீட்டியது. வந்தவர்கள் எல்லாரையும் எழுப்பி நடக்கவைக்கும் மருந்தில்லை இது. ஆனாலும் நூற்றுக்குப் பதின்மூன்று பேர் கூடுதலாகத் தங்கள் கையால் சோறு பிசைந்து உண்பதை நான் சிறிதென்று சொல்லமாட்டேன்.

இதற்கு விலையும் உண்டு. மூளைக்குள் ஆபத்தான ரத்தக்கசிவு ஊசி போட்டவர்களில் 6.4 விழுக்காடு, போடாதவர்களில் 0.6. மொத்த இறப்பு கூடவில்லை என்றாலும், இதை வீட்டாரிடம் சொல்லித்தான் கையெழுத்து வாங்க வேண்டும். "பெரியப்பா வந்துக்கிட்டிருக்காரு, அவரு வந்து சொல்லட்டும்" என்பார்கள். அவர்களைக் குறை சொல்ல மனம் வரவில்லை. பத்து நிமிடத்தில் முடிவெடுக்கச் சொல்வது கொடுமைதான். "எந்திரிக்கும்போதே வாய் கோணியிருந்துச்சு டாக்டர்" என்றால் சிக்கல் இன்னும் பெரிது. கணக்கு முந்தின இரவு படுத்த நேரத்திலிருந்து தொடங்கும், எம்.ஆர்.ஐ. பார்த்து விதிவிலக்குத் தேட எல்லா ஊரிலும் வசதியில்லை.

டெனெக்டிப்ளேஸ் நம் ஊர்களுக்கு அதிகம் பொருந்தும் என்பது என் கருத்து. ஆல்டிப்ளேஸில் பத்தில் ஒரு பங்கை முதலில் செலுத்தி, மீதியை ஒரு மணி நேரம் ஏற்ற வேண்டும். டெனெக்டிப்ளேஸ் ஒரே ஊசி. அது பின்தங்கவில்லை என்று 2022இல் கனடா ஆய்வு காட்டியது. புனேயிலேயே தயாராகிறது. உசிலம்பட்டியிலிருந்து மதுரைப் பெரியாஸ்பத்திரிக்கு ஏறத்தாழ 40 கிலோமீட்டர். ஸ்கேன் எடுத்து ரத்தக்கசிவு இல்லையென்று உறுதிசெய்ய ஆள் இருந்தால், உசிலம்பட்டியிலேயே ஊசியைப் போட்டுவிட்டு ஆம்புலன்ஸில் ஏற்றலாம்.

பெரிய குழாய் அடைத்திருந்தால் எந்த ஊசியும் பெரும்பாலும் போதாது. குழாய்வழி அடைப்பை இழுத்தெடுக்க வேண்டும். அதற்கும் மதுரைக்குத்தான் வரவேண்டும். ஆகவே 108இல் ஏற்றும்போதே, நோயாளி கடைசியாக நன்றாக இருந்த நேரத்தைக் கேட்டு எழுதி, ஸ்கேன் அறைக்கு முன்கூட்டியே சொல்லிவிடுவது மருந்தைவிட அவசரம்.