சீரமைத்த பல்வரிசை நிலைக்குமா?

“ஒரு முறை கம்பி கட்டிப் பல்லை நேராக்கிவிட்டால் ஆயுள் முழுதும் கவலையில்லை” என்பது நம்மிடையே பரவலாக உள்ள நம்பிக்கை. சில ஆண்டுகளில் முன்பற்கள் மீண்டும் கோணினால், மருத்துவர் சரியில்லை என்பர் சிலர். பிள்ளை தகட்டை ஒழுங்காக அணியவில்லை என்பர் வேறு சிலர். ஞானப்பல் முளைத்துத் தள்ளிவிட்டது என்பாரும் உண்டு. இத்தீர்ப்புகள் எவ்வளவு தூரம் பொருந்தும் என்று பார்ப்போம்.

காட்டுப்பள்ளி, பழவேற்காட்டு வாசகர்களுக்கு ஓர் உவமை எளிதில் விளங்கும். ஏரியின் முகத்துவாரத்தை எவ்வளவு நன்றாகத் தூர்வாரினாலும், கடல் நீரோட்டம் மணலைக் கொண்டுவந்து சேர்ப்பதால் அது மீண்டும் தூர்ந்துவிடுகிறது. அதைத் தூர்வாரியவரின் பிழை எனலாமா? மாறிக்கொண்டே இருக்கும் இடத்தில் செய்த வேலையைத் தொடர்ந்து பேண வேண்டும். வளரும் பிள்ளையின் தாடையும் அத்தகைய இடமே.

மேல்தாடையின் வளர்ச்சி முன்னதாக அடங்கிவிடும். கீழ்த்தாடையோ அதற்குப் பின்னும், குறிப்பாக ஆண்பிள்ளைகளுக்கு 20 வயதை ஒட்டியும், சிறிது சிறிதாக வளரக்கூடும். கம்பிச் சிகிச்சை பெரும்பாலும் 12 முதல் 15 வயதுக்குள் நடைபெறுகிறது. அதன்பின் கீழ்த்தாடை முன்னேறும்போது, கீழ் வெட்டுப்பற்கள் மேற்பற்களின் உட்புறத்தில் முட்டி நாக்கை நோக்கிச் சாய்கின்றன. பல்வளைவு குறுகி, பற்கள் நெருக்குண்கின்றன.

டென்மார்க் அறிஞர் ஆர்னே பியோர்க், 1951 முதல் குழந்தைகளின் தாடை எலும்பில் நுண்ணிய உலோக ஊசிகளைப் பதித்து, எக்ஸ் கதிர்ப் படங்களின் மூலம் வளர்ச்சியை அளந்தார். கீழ்த்தாடை நீள்வதோடு சுழலவும் செய்கிறது என்று அவர் காட்டினார். அது முன்னோக்கி மிகுதியாகச் சுழன்றால் முன்பற்களின் கடி ஆழமாகலாம். பின்னோக்கிச் சுழன்றால் மேல், கீழ் முன்பற்கள் ஒன்றையொன்று தொடாமல் திறந்து நிற்கலாம். ஒரே கம்பி இரு பிள்ளைகளிடம் இரு முடிவுகளைத் தருவதன் காரணங்களுள் இதுவும் ஒன்று.

கீழ்த்தாடை துருத்தியவர்களிடம் இது இன்னும் தெளிவு. முகவாய்க் கிண்ணம் அணிவித்த ஜப்பானியச் சிறுமியரை நெடுநாள் தொடர்ந்து ஆராய்ந்து 1990இல் வெளியிட்ட முடிவின்படி, தொடக்கத்தில் கிடைத்த நன்மை பிற்கால வளர்ச்சியில் பெரும்பாலும் மறைந்துபோயிற்று.

அமெரிக்காவின் சியாட்டில் நகரில் லிட்டிலும் அவருடைய குழுவினரும் 1981இல் வெளியிட்ட ஆய்வு புகழ்பெற்றது. பல் பிடுங்கிச் சீரமைத்த 65 பேரில், தகட்டை விட்டுப் பத்தாண்டுகளுக்குப் பின் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கினரின் கீழ் முன்பல் வரிசை திருப்திகரமாக இல்லை. இதைக் காட்டிச் சிகிச்சையே வீண் என்பது அவசர முடிவு. ஏனெனில், சிகிச்சையே பெறாத 65 பேரை 1983இல் ஆராய்ந்தபோது, அவர்களுக்கும் பல்வளைவு குறுகி, கீழ் முன்பற்கள் சற்று நெருங்கியிருந்தன. மாற்றத்தின் அளவுதான் குறைவு. ஆகவே, பல் பழைய இடத்துக்குத் திரும்புவது வேறு, வயதோடு வரும் மாற்றம் வேறு. இரண்டையும் ஒரே பெயரால் அழைப்பதே குழப்பத்தின் வேர்.

ஞானப்பல்லின் மீதான குற்றச்சாட்டும் வலுவற்றது. ஞானப்பல் பிறவியிலேயே இல்லாதவர்களுக்கும் முன்பற்கள் நெருங்குகின்றன. 1998இல் வெளியான பிரிட்டிஷ் ஆய்வொன்று, முன்பல் நெரிசலைத் தடுப்பதற்கென்றே ஞானப்பல்லைப் பிடுங்குவது நியாயமல்ல என்று முடிவுகட்டியது.

அப்படியானால் மருத்துவர்கள் மீது குறையே இல்லையா? உண்டு, அது கைத்திறனில் அன்று, சொல்லாமல் விடுவதில். கம்பியைக் கழற்றும் நாளைச் சிகிச்சையின் முடிவாகக் காட்டுவது தவறு. காட்டுப்பள்ளியிலிருந்து சென்னைக்கு வரும் குடும்பம் ஒவ்வொரு முறையும் ஒரு நாள் பிழைப்பை விட்டே வருகிறது. தகடும் மறுபரிசோதனையும் பல ஆண்டுகள் தேவைப்படும் என்பதை முதல் நாளே அறிய அதற்கு உரிமை உண்டு.

எனவே, கம்பி கட்டுவதற்கு முன் நீங்கள் மூன்று கேள்விகள் கேளுங்கள்: பிள்ளையின் தாடை இன்னும் எவ்வளவு வளரும்? தகட்டை எத்தனை ஆண்டுகள் அணிய வேண்டும்? தகடு உடைந்தால் எங்கே, என்ன செலவில் மாற்றலாம்? இவற்றுக்கு விடை தராமல் “இனி ஆயுளுக்கும் கவலையில்லை” என்று மட்டும் கூறும் உறுதிமொழி, வளர்ச்சி என்னும் உண்மையை மறந்த உறுதிமொழியே ஆகும்.