சாவியைக் கவனியுங்கள்

பெங்களூரின் பீன்யா தொழிற்பேட்டைத் தொழிலாளர் நாடகக் குழு போடும் 'நாகமண்டலா'வில் நாகத்துக்கு வேஷமே இல்லை என்று அங்கே ஒரு குறை ஓடிக்கொண்டிருக்கிறது. ஷிப்ட் முடிந்து ஒத்திகைக்கு வரும் தொழிலாளர்களிடம் உடைக்குப் பணம் ஏது என்று இரக்கப்படுகிறவர்களும் உண்டு. இரு தரப்பும் ஆட்டத்தைத் தவறாகப் படிக்கிறார்கள்.

கிரீஷ் கர்னாட் 1988இல் வெளியிட்ட இந்த நாடகத்தில் அப்பண்ணாவையும், அவன் உருவில் வரும் நாகத்தையும் ஒரே நடிகர்தான் ஏற்கிறார். பகலில் மனைவி ராணியை உள்ளே வைத்துப் பூட்டிவிட்டுப் போகிறான் கணவன். இரவில் குளியலறை ஜலதாரை வழியாக வருகிறது நாகம். வந்தது வேறு ஆள் என்று ராணிக்குத் தெரியக் கூடாது. ஜிகினாச் செதில் தைத்து அனுப்பினால் அவள் ஏமாந்ததை யார் நம்புவார்கள்?

இந்தக் குழுவில் அந்த இரட்டை வேடத்தை ஏற்ற நடிகர் எடுத்த முடிவைப் பாருங்கள். இரவிலும் அதே வேட்டி, அதே சட்டை. பகலில் மட்டும் இடுப்பில் சாவிக்கொத்து. உட்கார்ந்தாலும் எழுந்தாலும் அது சத்தம் போடுகிறது. இடது கையால் அழுத்திக்கொண்டே நடக்கிறார். இரவில் சாவி இல்லை. கை தளர்ந்து தொங்குகிறது. வேட்டிக்கரை ஒரு சாண் உயரத்துக்கு நனைந்திருக்கிறது. நடந்த பலகையில் ஈரம் படிகிறது. பூட்டிய வீட்டுக்குள் சாவியில்லாமல் ஒருவன் நிற்கிறான் என்பது உறைக்கும்போது முதுகு சில்லிடுகிறது. பாம்புத்தலை வைத்த எந்தக் கிரீடமும் இதைச் செய்யாது.

தெருக்கூத்தில் துரியோதனனுக்குக் கிரீடமும் புஜக்கட்டையும் வேண்டும்; அவன் மனித அளவைத் தாண்டியவனாகத் தெரிய வேண்டும். நாகமோ மனிதனுக்குள் ஒளிய வருகிறது. இரண்டையும் ஒரே கோலால் அளப்பது அநியாயம்.

செலவழிக்க வேண்டிய இடத்தில் இவர்கள் செலவழித்தும் இருக்கிறார்கள். பாழடைந்த கோயிலில் இரவில் கூடி வம்பளக்கும் விளக்குச் சுடர்ப் பாத்திரங்களுக்கு ஆயத்த ஆடை ஆலைகளில் மிஞ்சிய வெட்டுத்துணி போதும் என்று முடிவு செய்தார்கள். ஆரஞ்சு, மஞ்சள் கீற்றுகள் மூச்சுக் காற்றுக்கே ஆடுகின்றன. கதை என்னும் பெண்ணுக்கு மட்டும் நல்ல சேலை. ஒரு கிழவி பாடாமல் பூட்டி வைத்த பாட்டுதான் சேலையாகி அவள் உடம்பைச் சுற்றுகிறது; அங்கே கஞ்சம் பிடித்தால் நாடகமே பொய்யாகிவிடும்.

இனி நடக்கப்போவதைச் சொல்கிறேன். அடுத்த சீசனில் எல்இடி விளக்கு வைத்த நாக வேஷங்கள் நாலைந்து மேடையேறும், கைதட்டலும் வாங்கும். அதற்கடுத்த சீசனில் அவற்றை யாரும் நினைவு வைத்திருக்க மாட்டார்கள். இந்த நடிகர் கர்னாடின் இன்னொரு நாடகமான 'ஹயவதனா'வுக்குப் போனால், தலை மாறும் காட்சியில் முகமூடி மாறுவதற்கு முன்பே அவர் நடை மாறியிருக்கும். ஈர வேட்டியைப் பிறர் நகலெடுப்பார்கள். தொங்கும் அந்தக் கையை நகலெடுக்க வருடங்கள் ஆகும்.

என் கட்சி இதுதான்: இந்த வருடம் நான் பார்த்த நாகங்களில் இதுவே முதலிடம். வேஷம் இல்லை என்பவர்கள் இன்னொரு முறை போய் உட்காருங்கள். முகத்தை விட்டுவிட்டு இடுப்பைப் பாருங்கள்.