ஜார்ஜ் தெருவில் மயங்கி நின்றேன்

இங்கிலாந்துக்குப் போகிறவர்கள் அரண்மனையைப் பார்க்கிறார்கள், தேவாலயத்தைப் பார்க்கிறார்கள், திரும்பி வந்துவிடுகிறார்கள். என்னைக் கேட்டால் முதலில் லீட்ஸ் நகரில் ரயில் ஏறுங்கள் என்பேன். கால் மணி நேரத்தில் சால்டேர் என்ற சின்ன நிலையம் வரும். ஒரு கம்பளி ஆலையின் தொழிலாளிகளுக்காக 1850களில் கட்டத் தொடங்கிய எண்ணூறு சொச்சம் வீடுகள் அங்கே வரிசை வரிசையாக நிற்கின்றன. எல்லாம் தேன் நிறக் கல். இன்றும் அவற்றில் ஜனங்கள் குடியிருக்கிறார்கள். நிலையத்தை விட்டு வெளியே வந்து ஜார்ஜ் தெருவின் மேல்முனையில் போய் நின்றேன். சரிவில் இறங்கும் கூரைகள், அவற்றின்மேல் அணிவகுத்த புகைபோக்கிகள், தெரு முடிகிற இடத்தில் ஏர் நதிக்கு அப்பால் எழும் பச்சை மலைச்சரிவு. கூலிக்காரர் குடியிருப்பைப் பார்த்து இப்படி மயங்குவேன் என்று யாராவது முன்பே சொல்லியிருந்தால் சிரித்திருப்பேன்.

இந்த வீடுகளின் அருமை தெரிய வேண்டுமானால், அப்போது பக்கத்து பிராட்ஃபோர்ட் எப்படி இருந்தது என்று தெரிய வேண்டும். கம்பளித் தொழிலால் வீங்கிய ஊர் அது. ஆலைப்புகை, சாக்கடை, 1849இல் காலரா. தொழிலாளிகளுக்குக் கிடைத்தது முதுகோடு முதுகு ஒட்டிக் கட்டிய வீடு. பின்சுவரும் இரு பக்கச் சுவர்களும் அடுத்த வீட்டுக்காரனோடு பொது. கதவு, ஜன்னல் எல்லாம் முன்பக்கம் மட்டுமே. உள்ளே வந்த காற்று வெளியேற வழியில்லை. பல குடும்பங்களுக்குச் சேர்த்து முற்றத்தில் ஒரே கழிப்பறை. காலரா வந்த சமயத்தில் அந்த ஊருக்கு மேயராக இருந்தவர், அல்பாக்கா என்ற விலங்கின் ரோமத்தில் துணி நெய்து பெரும் பணம் சேர்த்த டைட்டஸ் சால்ட். தன் ஆலைகளையெல்லாம் நகரத்துக்கு வெளியே, நதியும் கால்வாயும் ரயில் பாதையும் ஒன்றாக ஓடும் பள்ளத்தாக்கில், ஒரே இடத்தில் கொண்டுவந்து வைத்தார். அந்த இடம்தான் சால்டேர். 1853 செப்டம்பர் 20 அன்று, அவருடைய ஐம்பதாவது பிறந்தநாளில், ஆலை திறந்தது. அதன் நீளம் 545 அடி! அது தனிக்கதை. என் மனசு வீடுகளில்தான்.

இவற்றை வடிவமைத்த லாக்வுட், மாசன் என்ற கட்டடக் கலைஞர்கள் பிராட்ஃபோர்டின் நகர மண்டபத்தையும் கம்பளிச் சந்தையையும் பின்னாளில் கட்டியவர்கள். அப்பேர்ப்பட்டவர்கள் ஒரு நெசவாளியின் பின்கட்டுக்கு வரைபடம் போட்டிருக்கிறார்கள். முன்னால் குடும்பம் புழங்கும் அறை, அதில் கணப்பும் அடுப்பும். பின்னால் பாத்திரம் கழுவ, துணி துவைக்க ஓர் அறை. கீழே குளிர்ச்சியான நிலவறை. மாடியில் இரண்டோ மூன்றோ படுக்கையறைகள். புழக்கடையில் கரி போட இடமும் அந்த வீட்டுக்கே சொந்தமான கழிப்பறையும். குழாயில் தண்ணீர், விளக்குக்குக் கேஸ். எல்லாவற்றுக்கும் மேலாக, காற்று வாசலில் நுழைந்து கொல்லை வழியாகப் போகும். இன்றைக்கு இதெல்லாம் சாதாரணம். அன்றைக்குப் பிராட்ஃபோர்டில் ஒண்டிக்கிடந்த குடும்பத்துக்கு இது சொர்க்கமாக இருந்திருக்கும்.

இனி சொல்லப்போவது எனக்கு மிகவும் பிடித்த விஷயம். இந்தத் தெருக்களை ஆலையின் சம்பளப் பட்டியல் மாதிரி வாசிக்கலாம்! வாசற்கதவு நேராக நடைபாதையில் திறந்தால் சாதாரணத் தொழிலாளி. முன்னால் கையகலத் தோட்டம் இருந்தால் மேஸ்திரி. வரிசையின் ஓரத்தில் திடீரென்று மூன்று மாடியாக உயர்ந்து, ஜன்னல் தலையில் அரைவட்ட வளைவோடு நிற்பவை பெரிய வீடுகள். அவற்றில் சில, தனியாட்கள் தங்கும் விடுதிகளாக இருந்தவை. மேற்கே ஆல்பர்ட் சாலைக்குப் போனால் மேலதிகாரிகளின் வீடுகள்; அங்கே தோட்டமும் பெரிது, ஜன்னலும் வெளியே புடைத்து நிற்கும். அந்தஸ்தை இத்தனை பச்சையாகக் கல்லில் எழுதியிருக்கிறார்களே என்று கோபம்கூட வரலாம். எனக்கும் கொஞ்சம் வந்தது. ஆனால் அந்த மூன்று மாடி வீடுகள் இல்லாவிட்டால் இவ்வளவு நீள வரிசை கண்ணுக்கு அலுத்துப்போயிருக்கும். கடைசிப் படியில் இருக்கிறவன் வீட்டுக்கும் மேலதிகாரி வீட்டுக்கும் அதே கல், அதே இத்தாலியச் சாயல். அதில் வஞ்சனை இல்லை.

தெருப்பெயர்களைப் படித்தபடி நடப்பது தனி ருசி. சால்ட்டின் மனைவி கரோலின், பிள்ளைகள் ஜார்ஜ், அமீலியா, எட்வர்ட், ஃபேனி, ஹெர்பர்ட் என்று குடும்பமே தெருவாக நிற்கிறது. பிள்ளைகள் பதினோரு பேர் என்பதால் பெயருக்குப் பஞ்சமில்லை. கட்டடக் கலைஞர்கள் இருவருக்கும்கூட ஆளுக்கொரு தெரு.

பெரியவர் சால்ட் கறாரானவர். ஊருக்குள் மதுக்கடை கூடாது. தெருவுக்குக் குறுக்கே துணி காயப்போட்டால் அவருக்கு ஆகாது என்பார்கள். அதற்காகவே குளியலறைகளோடு பொதுச் சலவைக்கூடம் கட்டிக்கொடுத்தார். வேலை கொடுத்தவரே வீட்டுக்காரராகவும் இருந்தால் வாயைத் திறக்க முடியுமா? அந்த நெருடல் எனக்கு உண்டு. ஊர்க்காரர்கள் பின்னாளில் குறும்பாகப் பழிதீர்த்துக்கொண்டார்கள்: விக்டோரியா சாலையில் திறந்த ஒரு மதுக்கடைக்கு ‘டைட்டஸிடம் சொல்லாதே’ என்று பெயர் வைத்துவிட்டார்கள்.

ஆலை 1986இல் மூடியது. மறு வருஷமே ஜோனதன் சில்வர் அதை வாங்கி, பிராட்ஃபோர்டிலேயே பிறந்த ஓவியர் டேவிட் ஹாக்னியின் படங்களை அங்கே மாட்டினார். 2001இல் யுனெஸ்கோ இந்தக் கிராமம் முழுவதையும் உலகப் பாரம்பரியச் சின்னமாக்கியது. வருகிறவர்களில் பெரும்பாலோர் ஆலையைச் சுற்றிவிட்டுக் காபி குடித்துக் கிளம்பிவிடுகிறார்கள். பாவம்!

நீங்கள் அப்படிச் செய்யாதீர்கள். முன்பக்கம் பார்த்து முடித்ததும் வீடுகளுக்குப் பின்னால் ஓடும் சந்துகளுக்குள் நுழையுங்கள். புழக்கடைச் சுவர்களையும் பழைய கழிப்பறை இருந்த இடங்களையும் அங்கேதான் பார்க்க முடியும். அந்த ஊரின் பெருமையே அவைதான். ஒன்றே ஒன்று: கேமராவை யார் ஜன்னலுக்குள்ளும் நீட்டிவிடாதீர்கள். உள்ளே ஒரு குடும்பம் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்.