தலைப்பெழுத்தா, தலையெழுத்தா?

மும்பைக்கு வந்த தமிழர் யாரும் தப்ப முடியாத கேள்வி, "ஆட்நாவ் காய்?" எனக்கு ஆட்நாவ் கிடையாது; அப்பா பெயரின் முதலெழுத்துதான் உண்டு. கவுன்ட்டரில் இருப்பவரிடம் எப்படியாவது சொல்லிப் புரிய வைத்துவிடலாம். கணினியிடம் நடக்குமா? சிவப்பு நட்சத்திரம் போட்ட கட்டத்தை நிரப்பாமல் அடுத்த பக்கத்துக்கு விடாதே!

நூலுக்கு விமர்சனம் எழுதுகிறோம். நாள்தோறும் நம் வாழ்வைத் தொடும் இந்தக் கட்டத்துக்கும் ஒன்று எழுதினால் என்ன? அதை வடிவமைத்தவர் மனத்தில் இருந்த மனிதருக்குப் பரம்பரைப் பெயர் உண்டு. நமக்கு ஏன் இல்லை? தெரிந்தே விட்டோம். 1929இல் செங்கல்பட்டில் நடந்த சுயமரியாதை மாநாடு சாதிப் பட்டங்களைத் துறக்கச் சொல்லித் தீர்மானம் போட்டது. மாட்டுங்காவில் 'ஐயர்' என்று எழுதிப் பழகிய வீட்டாருக்குக் கட்டம் கச்சிதமாகப் பொருந்தும். குறையாகச் சொல்லவில்லை. ஆனால் திருநெல்வேலிச் சீமையிலிருந்து தாராவிக்குத் தோல் வேலைக்கு வந்த குடும்பம் எதை எழுதும்? அப்பா பெயரைப் போட்டால் தகப்பனுக்கு ஒரு சர்நேம், பிள்ளைக்கு வேறொன்று. தொல்லை வேண்டாமென்று, ஊரில் விட்டுவந்த சாதிப் பெயரையே மறுபடி ஒட்டிக்கொண்டவர்களும் உண்டு. இதுதான் எனக்கு வலிக்கிறது.

பான் அட்டைக்கான 49ஏ படிவம் தலைப்பெழுத்தை ஏற்கவில்லை. ஒற்றைப் பெயர்க்காரர் அதையே குடும்பப் பெயர்க் கட்டத்தில் எழுதச் சொன்னது. 2022 நவம்பரில் ஐக்கிய அரபு அமீரகம், பாஸ்போர்ட்டில் ஒற்றைப் பெயர் மட்டும் உள்ளவர்கள் சுற்றுலா விசாவில் வரக்கூடாது என்றது. பிறகு, இரண்டாம் பக்கத்தில் தந்தை பெயர் இருந்தால் போதும் என்று தளர்த்தியது.

வேறு வழியில்லை என்பார்கள். 2010இல் நம் மராட்டிய மாநிலத்து நந்துர்பார் மாவட்டத்தில்தான் முதல் ஆதார் எண் வழங்கப்பட்டது. அதில் பெயருக்கு ஒரே கட்டம். நூறு கோடிக்கு மேற்பட்டோர் அதற்குள் அடங்கியிருக்கிறார்கள். (தேய்ந்த கைரேகையைப் படிக்காத கருவியின் கதை தனி.) மராட்டியமும் பெயர் முறையை மாற்றத்தானே செய்தது? 2024 மே 1 முதல் பிறக்கும் குழந்தைகளின் பெயரோடு தாயின் பெயரும் சேர்கிறது.

என் மகளை ஆபீசில் என் பெயர் சொல்லித்தான் கூப்பிடுகிறார்களாம். "போங்கப்பா, பழகிடுச்சு" என்கிறாள். போன மாதம் செம்பூரில் பேத்தியின் பள்ளி விண்ணப்பத்தை நிரப்பிக்கொண்டிருந்த மருமகன் நிமிர்ந்து கேட்டார்: "மாமா, சர்நேம்ல என்ன போடட்டும்?"