சீயோன் பயணமும் அந்தியோகியாப் பந்தியும்

மத்தேயு நற்செய்தியைத் தொடர்ச்சியாக வாசிப்பவர் இரு கட்டளைகளுக்கிடையே தடுமாறுவது இயல்பு. பன்னிருவரை அனுப்பும் இயேசு, புறஜாதியாரிடமும் சமாரியரிடமும் போகவேண்டாம் என்று தடுத்து, இஸ்ரவேல் வீட்டாரிடமே அவர்களை அனுப்புகிறார் (10:5-6). நூலின் இறுதியிலோ எல்லா மக்களினங்களையும் சீடராக்கும் பணி அதே குழுவினரிடம் ஒப்படைக்கப்படுகிறது (28:19). அப்படியாயின், தொடக்கக் கிறிஸ்தவப் போதனை யூதருக்காக எழுந்ததா, மாந்தர் அனைவருக்காகவும் எழுந்ததா?

இவ்வினாவுக்கு எளிய விடைகள் இரண்டு உண்டு. முதற்கட்டளை வெறும் தற்காலிக ஏற்பாடு என்று கூறி அதனைக் கடந்து செல்வது ஒன்று. இறுதிக்கட்டளை பிற்காலத் திருச்சபையின் கூற்று. இயேசு யூதரை மட்டுமே எண்ணினார் என்று முடிவு செய்வது மற்றொன்று. இவ்விரண்டிற்கும் இடையே வழிகாண முயன்றவர் கட்டிங்கன் பல்கலைக்கழகப் புதிய ஏற்பாட்டு அறிஞர் யோவாக்கிம் எரேமியாஸ் (1900-1979). மக்களினங்களுக்கு இயேசு அளித்த வாக்குறுதியைப் பற்றிய அவருடைய சிறு நூல் 1956இல் ஜெர்மனிலும் 1958இல் ஆங்கிலத்திலும் வெளிவந்தது. அளவிற் சிறிதெனினும் இன்றும் இப்பொருள்பற்றிப் பேசுவோர் ஒதுக்க இயலாத நூல் அது. அதன் வன்மையையும் குறையையும் இங்கு ஆராய்வோம்.

1. நூலின் வாதம்

எரேமியாஸின் முதற்சிறப்பு நேர்மை. சங்கடமான வசனங்களை அவர் மழுப்புவதில்லை. பன்னிருவருக்கு இடப்பட்ட தடை, கானானியப் பெண்ணிடம் இயேசு தம் பணியின் எல்லையை உரைத்தது (மத். 15:24) ஆகியவற்றை அவர் உள்ளபடியே ஏற்கிறார். பிற்காலத் திருச்சபை தன் அருட்பணிக்கே இடையூறான இத்தகைய கூற்றுகளைப் புனைந்திருக்காது என்பது வலிமையான வாதம்.

எனினும், கிழக்கிலும் மேற்கிலுமிருந்து அநேகர் வந்து ஆபிரகாமோடு பந்தியமர்வர் என்றும் இயேசு கூறினார் (மத். 8:11). இவ்விரு போக்குகளையும் எரேமியாஸ் தீர்க்கதரிசிகளின் எதிர்நோக்கால் இணைக்கிறார். இறுதி நாளில் மக்களினங்கள் சீயோனை நோக்கிப் பயணமாய் வரும் என்பது ஏசாயா 2, 25, சகரியா 8 ஆகிய பகுதிகளின் நம்பிக்கை. அது மனித முயற்சியன்று, இறைவனின் செயல். ஆகவே முதலில் இஸ்ரவேலுக்கு அழைப்பு, பின்னர் மக்களினங்களின் வருகை என இரண்டும் ஒன்றன்பின் ஒன்றாக நிகழ்வன. சீரோபேனிக்கியப் பெண்ணின் நிகழ்ச்சியில் பிள்ளைகளுக்கு 'முந்தி' என்னும் சொல்லை மாற்கு தருவதும் (7:27) இவ்வரிசைக்கு ஒத்துள்ளது.

2. வலுவற்ற இடங்கள்

இக்கட்டடத்தின் இரு தூண்கள் உறுதியாக இல்லை. முதலாவது, இயேசுவின் காலம் யூத சமயத்தின் தீவிர மதப்பரப்புக் காலம் என்று எரேமியாஸ் தொடங்குகிறார். மத்தேயு 23:15 இதற்கு முக்கியச் சான்று. ஆனால் ஸ்காட் மெக்நைட் (1991), மார்ட்டின் குட்மன் (1994) ஆகியோரின் ஆய்வுகள், வந்தவரை யூதர் ஏற்றனர் எனினும், பிறரைத் தேடிச்செல்லும் ஒழுங்கான அருட்பணி அன்று இருந்ததற்குச் சான்று போதாது என்று காட்டின. மேலும், இறுதிநாள் நம்பிக்கையிலிருந்து பழிவாங்கும் எண்ணத்தை இயேசு அகற்றினார் என எரேமியாஸ் கூறுவது யூத நம்பிக்கையை இருளாக்கி இயேசுவை ஒளியாக்குவதற்கு எளிதில் இடந்தருகிறது. எகிப்தையும் அசீரியாவையும் இஸ்ரவேலோடு சேர்த்து ஆசீர்வதிக்கும் ஏசாயா 19ஆம் அதிகாரமும் யூத மறைநூலில்தானே உள்ளது?

இரண்டாவது, மத்தேயு 8:11. கிழக்கிலும் மேற்கிலுமிருந்து வருதல் என்பது சங்கீதம் 107:3, ஏசாயா 43:5 ஆகியவற்றில் சிதறிய இறைமக்கள் கூட்டிச்சேர்க்கப்படுவதைக் குறிக்கும் சொல்வழக்கு. லூக்கா இக்கூற்றை வேறிடத்தில் வைக்கிறார் (13:29). அங்கே புறஜாதியார் வெளிப்படையாகக் குறிக்கப்படவில்லை. நூற்றுக்கதிபதியின் நிகழ்ச்சியோடு மத்தேயு அதனை இணைப்பதாலேயே பொருள் தெளிவாகிறது. எனவே மத்தேயுவின் இறையியலுக்கு இது திண்ணமான சான்று; இயேசுவின் நோக்கத்திற்கு அத்துணைத் திண்ணமான சான்றன்று.

3. விடுபட்ட வினா

ஆயினும் இவற்றினும் பெரிய குறை ஒன்று உண்டு. சீயோன் பயணம், மக்களினங்கள் வரும் என்று கூறுகிறது; எவ்வாறு, எந்நிலையில் வரும் என்று கூறவில்லை. தொடக்கத் திருச்சபையைப் பிளக்கவிருந்த பிணக்கோ அதுவே.

ஸ்தேவானின் மரணத்தையொட்டிச் சிதறியோர் யூதருக்கு மட்டுமே செய்தியை அறிவித்தனர். சீப்புரு, சிரேனே ஊரினர் சிலர் அந்தியோகியாவில் கிரேக்கரிடமும் பேசினர் (அப். 11:19-20). அவர்களுடைய பெயர்களைக்கூட லூக்கா தரவில்லை. இங்கே மக்களினங்கள் சீயோனுக்கு வரவில்லை. செய்திதான் அவர்களிடம் சென்றது. பின்னர் எருசலேமில் கூடிய சங்கத்தில் (அப். 15) புறஜாதியார் மீட்படையலாமா என எவரும் கேட்கவில்லை. விருத்தசேதனமின்றி மீட்படைய முடியுமா என்பதே வழக்கு. எதிர்த்தவர்களும் கதவை அடைக்கவில்லை. யூதராகி உள்ளே வருமாறு கோரினர். அச்சங்கத்தில் ஒருவரும் மத்தேயு 28இன் கட்டளையைச் சான்றாகக் காட்டவில்லை. பேதுரு தூய ஆவியின் செயலைச் சுட்டினார். யாக்கோபு ஆமோஸ் தீர்க்கனைச் சுட்டினார். அதுவும் எழுபதின்மரின் கிரேக்க மொழிபெயர்ப்பை ஒத்த வடிவில்! எபிரெயத்தில் ஏதோமின் எஞ்சியோரை உரிமையாக்குதல் என்றிருப்பது கிரேக்கத்தில் மனிதரில் எஞ்சியோர் இறைவனைத் தேடுதல் என்றாகிறது (ஆமோஸ் 9:12).

சங்கத்தில் எழுந்த இவ்வினா அந்தியோகியாவில் உணவுப் பந்தியில் எழுந்தது. புறஜாதியாரோடு உண்டுவந்த பேதுரு, யாக்கோபிடமிருந்து சிலர் வந்தவுடன் விலகிக்கொண்டார், பர்னபாவும் இழுபட்டார் (கலா. 2:11-14). பவுல் அங்கே வாதாடியது செய்தி எவருக்குரியது என்பதற்காகவன்று. வந்தவர் தம் இனத்தவராகவே இருந்து ஒரே பந்தியில் அமரலாம் என்பதற்காக. ஆதலால் 'யூதருக்கா, அனைவருக்குமா?' என்பது நம் வினா. 'யூதராகாமலே வரலாமா?' என்பதே அவர்களது வினா. எரேமியாஸ் முன்னதற்கு அழகிய விடை தந்து, பின்னதை ஏறத்தாழத் தொடாமலே விடுகிறார்.

4. நமது மேடை

தமிழில் பிரசங்கிப்போருக்கு இதில் தனிச்சிக்கல் ஒன்றுண்டு. மத்தேயு 10:5இலும் 28:19இலும் உள்ள கிரேக்கச் சொல் ஒன்றே. பழைய மொழிபெயர்ப்பு முன்னதைப் 'புறஜாதியார்' என்றும் பின்னதை 'ஜாதிகள்' என்றும் தருகிறது. 1995இல் வந்த திருவிவிலியமும் 'பிற இனத்தார்', 'மக்களினத்தார்' என இரு சொற்களையே ஆள்கிறது. 'புற' என்னும் முன்னொட்டு கிரேக்கத்தில் இல்லை. அதனைக் கேட்கும் நம் சபையார், தடுக்கப்பட்டவர் வேறெவரோ என்று எண்ணித் தம்மை இஸ்ரவேலின் இருக்கையில் அமர்த்திக்கொள்கின்றனர். உண்மையில் அத்தடைக்கு அப்பால் நின்றவர் நாமே. இதை மறந்தால், யூதர் தள்ளப்பட்டனர், அதனால் நாம் சேர்க்கப்பட்டோம் என்னும் பிரசங்கம் எளிதில் பிறக்கிறது. அதற்கும் யூத வெறுப்புக்கும் இடையே தொலைவு அதிகமில்லை. இதனையுணர்ந்த ஜெர்மனியின் ரைன்லாந்துத் திருச்சபை 1980இல் தன் பேரவைத் தீர்மானத்தின் வாயிலாக, யூதப் பேரழிவில் கிறிஸ்தவர்க்குள்ள பொறுப்பை ஒப்புக்கொண்டு, இறைமக்களாக யூதர் தொடர்ந்து தெரிந்துகொள்ளப்பட்டிருப்பதை அறிக்கையிட்டது.

பவுலோ இரண்டையும் பிரிக்கவில்லை. கிறிஸ்து விருத்தசேதனமுள்ளோருக்கு ஊழியரானதும், மக்களினங்கள் இறைவனைப் புகழ்வதும் ஒரே வாக்கியத்தில் இணைகின்றன (ரோமர் 15:8-9). ஒட்டப்பட்ட காட்டொலிவக் கிளை மற்றக் கிளைகளுக்கு எதிராகப் பெருமை பாராட்டலாகாது என்பது அவரது எச்சரிக்கை (11:17-18).

இறையியல் மாணவர் எரேமியாஸின் நூலைக் கட்டாயம் கற்கவேண்டும். ஆனால் கலாத்தியர் 2, ரோமர் 9-11 ஆகியவற்றை அருகில் திறந்துவைத்துக் கற்கவேண்டும். மத்தேயு 10 வாசிக்கப்படும் ஞாயிறன்று, போதகர் 28ஆம் அதிகாரத்திற்கு விரைந்தோடாமல் அத்தடையைச் சபை முழுமையாகக் கேட்கச் செய்வாராக. தாம் விருந்தினராக அழைக்கப்பட்டவர் என்று அறிந்த சபையே, தன் பந்தியில் இன்று எவரெவர் ஒதுக்கி அமர்த்தப்படுகின்றனர் என்று கேட்கத் தொடங்கும்.