போனவர்கள் இருவர், படத்தில் ஒருத்தி

அரக்கோணத்துக்குப் பக்கத்தில் ஒரு சேரியில் பிறந்தவள் நான். 1992-இல் ஐ.என்.எஸ். ராஜாளி கடற்படை விமானத்தளம் அங்கே திறக்கப்பட்டபோது எனக்கு எட்டு வயது. கடற்படையின் ஹெலிகாப்டர் பயிற்சிப் பள்ளி இருப்பதும் அந்தத் தளத்தில்தான். எங்கள் அம்மாக்கள் நாற்று நட்டுக்கொண்டிருக்கும்போது தலைக்கு மேலே எலிகாப்டர் போகும். பிள்ளைகள் நாங்கள் வரப்பில் ஓடிக்கொண்டே கையாட்டுவோம். "அத்த ஓட்றவனுக்கு நம்மளத் தெரியவா போவுது, நாத்த எடுத்துக் குடுடி" என்பாள் எங்கள் ஆயா. ஓட்றவன் என்றுதான் அவள் சொன்னாள். நாங்களும் அப்படித்தான் நினைத்தோம். ஓட்டுவது ஒரு பெண்ணாக இருக்கலாம் என்பது எங்கள் யாருடைய கற்பனையிலும் வந்ததில்லை.

2024 ஜூனில் அதே தளத்தில் பயிற்சி முடித்து அனாமிகா பி. ராஜீவ் என்கிற பெண் கடற்படையின் முதல் பெண் ஹெலிகாப்டர் விமானியாக வெளியே வந்தார். தளம் திறந்து முப்பத்திரண்டு வருஷம் கழித்து. செய்தியைப் படித்த அன்று ராத்திரி, 2020-இல் பார்த்துவிட்டு மனசு சரியில்லாமல் மூடிவைத்த ஒரு இந்திப் படத்தைத் திரும்பவும் எடுத்துப் பார்த்தேன். 'குஞ்சன் சக்சேனா: தி கார்கில் கேர்ள்'. ஷரண் ஷர்மா இயக்கியது. 1999 கார்கில் போரில் சீட்டா ஹெலிகாப்டர் ஓட்டிய விமானப்படை அதிகாரியைப் பற்றியது. படம் நல்ல படமா கெட்ட படமா என்று மார்க் போடுவதற்காக இதை எழுதவில்லை. ஒரு பெண் ஹெலிகாப்டர் ஓட்டுவதை இந்தச் சமூகம் எந்தக் கண்ணால் பார்க்கிறது, அந்தப் பார்வையைக் கண்டிக்கிறேன் என்று கிளம்பிய படம் அதே பார்வைக்குள் எப்படிப் போய் விழுகிறது என்பதுதான் எனக்கு முக்கியம்.

முதலில் பெயரைப் பாருங்கள். கார்கில் கேர்ள். அந்தப் போரின்போது அவர் ஃபிளையிங் ஆஃபீசர். எதிரி மலைமேல் உட்கார்ந்து சுட்டுக்கொண்டிருந்த நேரத்தில், ஆயுதம் இல்லாத ஒரு சின்ன ஹெலிகாப்டரில் காயம்பட்ட சிப்பாய்களை ஏற்றிக்கொண்டு வந்தவர். அவர் 'கேர்ள்'. இதே தர்மா நிறுவனம் இதே கார்கில் போரைப் பற்றி அடுத்த வருஷம், 2021-இல், ஒரு ஆண் அதிகாரியின் கதையைப் படமாக எடுத்தது. அதற்குப் பெயர் 'ஷேர்ஷா'. ஒரே போர், ஒரே கம்பெனி. ஆண் சிங்கராஜா, பெண் பொண்ணு. அறுபது வயது ஆளையும் 'டேய்' என்று கூப்பிட்ட ஊர்களில் இருந்து வந்தவர்கள் நாம். பெயரில் என்ன இருக்கிறது என்று நம்மிடம் யாரும் கேட்க முடியாது.

படத்தில் அவள் உதம்பூர் தளத்துக்குப் போகிறாள். பெண்களுக்கென்று கழிப்பறை இல்லை, உடை மாற்ற அறை இல்லை. அவளோடு பறக்க ஆண்கள் சாக்குப்போக்குச் சொல்கிறார்கள். ஏதோ ஒரு அறையில் அட்டைகளை வைத்துத் தடுப்புக் கட்டி, உடை மாற்றத் தனக்கென்று ஒரு மூலையைத் தானே உண்டாக்கிக்கொள்கிறாள். அந்தக் காட்சியில் எனக்கு அழுகை வந்தது. காரணம் உண்டு. ஐ.டி.ஐ.யில் ஃபிட்டர் படித்துவிட்டு ஒரு தொழிற்சாலைக்கு அப்ரண்டிஸாகப் போனவள் நான். அந்த ஷெட்டில் நாற்பது பேர். பெண் நான் ஒருத்தி. ஆயில் பேரல் அடுக்கிவைத்திருந்த இடத்துக்குப் பின்னால் எங்கம்மாவின் பழைய புடவையைக் கட்டி அதற்குள் நின்றுதான் துணி மாற்றினேன். கழிப்பறைக்குக் கேண்டீன் வரைக்கும் நடக்க வேண்டும். நடந்தால் "எங்க போற" என்று நாலு பேர் கேட்பார்கள். அதனால் தண்ணி குடிப்பதையே குறைத்துக்கொண்டேன்.

அட்டைத் தடுப்பு உண்மை என்று என் உடம்புக்குத் தெரிகிறது. ஆனால் படம் அதோடு நிற்கவில்லை. மேலதிகாரி எல்லார் முன்னாலும் அவளைக் கைமல்யுத்தத்துக்கு இழுத்து, நீ பலவீனமானவள் என்று அவமானப்படுத்துகிறார். பாகுபாடு என்றால் பார்க்கிறவனுக்குப் புரிய ஒரு வில்லன் வேண்டும் என்று படம் நினைக்கிறது.

படம் வெளிவந்ததும் விமானப்படை தணிக்கை வாரியத்துக்குக் கடிதம் எழுதியது, எங்களைத் தவறாகக் காட்டிவிட்டார்கள் என்று. விவகாரம் தில்லி உயர்நீதிமன்றம் வரைக்கும் போனது. படத்துக்குத் தடை விதிக்க நீதிமன்றம் மறுத்துவிட்டது. குஞ்சன் சக்சேனாவே, நிறுவனம் என்கிற முறையில் விமானப்படை தன்னிடம் பாகுபாடு காட்டவில்லை, சமவாய்ப்புக் கிடைத்தது என்று சொன்னார். பார்த்தீர்களா, எல்லாம் கட்டுக்கதை என்று தேசபக்தர்கள் குதித்தார்கள்.

அப்போதுதான் இன்னொரு பெண் பேசினார். ஸ்ரீவித்யா ராஜன், கேரளத்துக்காரர். உதம்பூருக்கு 1996-இல் குஞ்சனோடு தானும் சேர்ந்தே போனதாகவும், கார்கில் போரில் தானும் பறந்ததாகவும் பகிரங்கமாக எழுதினார். படத்தில் அவர் இல்லை. குஞ்சன் தன்னந்தனியாகப் போய் இறங்குவதாகத்தான் படம் காட்டுகிறது. கைமல்யுத்தம் நடக்கவே இல்லை, அற்பக் காரணங்களுக்காக எங்கள் பறத்தலை ரத்து செய்யவில்லை என்றார் ஸ்ரீவித்யா. உடனே இவரையும் விமானப்படையின் சாட்சியாக ஒரு பக்கம் தூக்கிவைத்துக்கொண்டது. ஆனால் அவர் எழுதியதை முழுசாகப் படித்தவர்கள் குறைவு. எங்களோடு வேலையைப் பகிர்ந்துகொள்வதில் சிலருக்கு இஷ்டமில்லை. எங்களைக் கூடுதலாகத் துருவிப் பார்த்தார்கள். ஆண் செய்தால் கண்டுகொள்ளாத சின்னத் தவறு எங்களிடம் பெரிதானது. சமம் என்று நிரூபிக்க அதிகம் உழைக்க வேண்டியிருந்தது. பெரும்பாலோர் ஆதரவாக இருந்தார்கள் என்பதோடு சேர்த்து இதையும் அவர் சொல்லியிருக்கிறார்.

இந்தச் சாட்சியத்தைத்தான் நான் முக்கியமாக நினைக்கிறேன். இது வில்லன் வேண்டும் என்கிற படத்துக்கும் உதவாது, ஒன்றுமே நடக்கவில்லை என்கிற நிறுவனத்துக்கும் உதவாது. அதனால் இரண்டு பேருமே இதை வாங்கிக்கொள்ளவில்லை.

நமக்கு இது நன்றாகத் தெரிந்த விஷயம். "உன்ன யாராவது அடிச்சாங்களா? தனி டம்ளர் குடுத்தாங்களா? இல்லல்ல? அப்புறம் இன்னா சாதி கீது இங்க?" என்று கேட்காத இடம் உண்டா? நான் வேலை செய்த இடத்தில் என்னை யாரும் அடிக்கவில்லை. ஆனால் பக்கத்தில் நின்ற பையன் மரை கடைசலைத் தப்பாகப் போட்டால் சூப்பர்வைசர், "பரவால்ல, கத்துக்குவான்" என்பார். அதே தப்பை நான் செய்த அன்று, "அதுக்குத்தான் பொம்பளைங்க வாணாம்னேன்" என்றார். அவர் நகர்ந்ததும் இன்னொரு குரல், "கோட்டால வந்தது வேற எப்படி இருக்கும்." ஒரே தப்பு, அவனுக்கு அது கைத்தப்பு, எனக்கு முதலில் பிறப்புறுப்பின் தப்பு, அப்புறம் சாதியின் தப்பு. இதைப் படமெடுத்தால் பார்க்க ஒன்றும் இருக்காது. யாரும் கத்தமாட்டார்கள், கையை முறுக்கமாட்டார்கள். ஆனால் மனுஷியைத் தின்றுபோடுவது இதுதான்.

படம் கேட்காத இன்னொரு கேள்வி சட்டம் பற்றியது. 1990-களில் விமானப்படை பெண்களை எடுத்தபோது குறுகிய காலப் பணிக்குத்தான் எடுத்தது. போக்குவரத்து விமானமும் ஹெலிகாப்டரும் மட்டும்தான் அவர்களுக்கு. போர் விமானம் கிடையாது. அந்தக் கதவு 2015-இல்தான் திறந்தது, 2016-இல் மூன்று பெண்கள் போர் விமானிகளானார்கள். ராணுவத்தின் சொந்த ஹெலிகாப்டர் பிரிவுக்கு முதல் பெண் விமானி 2022-இல்தான் வந்தார், கேப்டன் அபிலாஷா பராக். அப்படியானால் 1999-இல் ஹெலிகாப்டர் என்பது 'போர் அல்லாத' வேலை. ஆனால் அந்த வருஷம் மே 28 அன்று கார்கிலில் ஒரு எம்.ஐ.17 ஹெலிகாப்டரை ஏவுகணையால் சுட்டு வீழ்த்தினார்கள், உள்ளே இருந்த நான்கு பேரும் செத்தார்கள். சாவு போர்க்களத்துச் சாவு. வேலையின் பெயர் மட்டும் போர் அல்லாதது. ஆபத்தை ஒருத்தர் தலையில் வைத்துவிட்டு, வேலையின் பெயரை மாற்றி மரியாதையை மட்டும் பிடித்துக்கொள்ளும் இந்த வித்தை மலக்குழிக்குள் இறங்குகிறவர்களின் பிள்ளைகளுக்குப் புதுசில்லை. மோசமான மேலதிகாரியை மாற்றினால் படத்தின் பிரச்சினை தீர்ந்துவிடும். குறுகிய காலம் முடிந்ததும் வீட்டுக்கு அனுப்புகிற விதியை எந்த நல்ல மேலதிகாரி மாற்ற முடியும்? அதற்குப் பெண்கள் நீதிமன்றத்துக்குத்தான் போக வேண்டியிருந்தது.

படம் வந்த அதே 2020-இல், பிப்ரவரி 17 அன்று, ராணுவப் பெண் அதிகாரிகளுக்கு நிரந்தரப் பணி தர வேண்டும் என்று பபிதா புனியா வழக்கில் உச்சநீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. அந்த வழக்கில் ஒன்றிய அரசு வைத்த வாதங்களில் ஒன்று: சிப்பாய்கள் பெரும்பாலும் கிராமத்திலிருந்து வருகிறவர்கள், பெண் அதிகாரியின் தலைமையை ஏற்றுக்கொள்ளும் மனப்பக்குவம் அவர்களுக்கு இன்னும் வரவில்லை என்பது. நீதிமன்றம் அதைத் தள்ளிவிட்டது. ஆனால் அந்த வாதத்தை நாம் உட்கார்ந்து படிக்க வேண்டும். விதியை எழுதியது தில்லியில் இருக்கிற பெரிய அதிகாரிகள். பழி மட்டும் கிராமத்துச் சிப்பாய் மேல். வீடு வாடகைக்குக் கேட்டுப்போனால், "எங்களுக்கு ஒண்ணும் இல்லீங்க, அக்கம்பக்கத்துல ஒத்துக்க மாட்டாங்க" என்று சொல்லி அனுப்புகிறார்களே, அதே வாக்கியம். அதுவும் எந்தக் கிராமத்தைச் சொல்கிறார்கள்? எங்கள் ஊரில் நடவுக்குக் கூலி பேசி, ஆள் சேர்த்து, வரப்பில் நின்று வேலை வாங்குகிறவள் பெண்தான். அந்தத் தாய்களின் பிள்ளைகளுக்குப் பெண் சொல் கேட்டுப் பழக்கமில்லையாம்.

உடம்பு பற்றிய வாதமும் அப்படித்தான். படத்தில் மருத்துவச் சோதனையில் அவளுக்கு உயரம் கொஞ்சம் குறைவு, எடை கொஞ்சம் அதிகம் என்று நிறுத்துகிறார்கள். அளவுகோலைப் பார்க்கிறபோது எனக்கு மகர்களின் ஞாபகம் வந்தது. கிழக்கிந்தியக் கம்பெனிப் படையில் இருந்தவர்கள் அவர்கள். அம்பேத்கரின் அப்பா ராம்ஜி படையில் சுபேதார். போர்க்குணம் கொண்ட இனங்கள் என்று வெள்ளைக்காரன் ஒரு பட்டியல் போட்டு 1890-களில் மகர்களைச் சேர்ப்பதை நிறுத்தினான். கோபால் பாபா வலங்கர் அதை எதிர்த்து மனு எழுதினார். ஆள் தேவைப்பட்டபோது முதல் உலகப்போரில் சேர்த்தான், போர் முடிந்ததும் கலைத்தான். 1941-இல் மறுபடி ஆள் தேவைப்பட்டது, மகர் ரெஜிமென்ட் வந்தது. மகர்களின் உடம்பு இதற்கிடையில் மாறிவிடவில்லை. சண்டைக்கு லாயக்கில்லாத உடம்பு என்கிற பேச்சு தலித்துக்கும் பெண்ணுக்கும் ஒரே வாயிலிருந்துதான் வருகிறது. தேவைப்படும்போது அந்தப் பேச்சு தானாகவே காணாமல் போய்விடுகிறது.

"அப்போ பட்டாளத்துக்குப் போறதுதான் விடுதலையா?" என்று தோழர்கள் கேட்பார்கள். இல்லை. சீருடை போட்டவர்களின் லத்தி யார் முதுகில் விழுந்தது என்று நமக்குத் தெரியும். ஆனால் ஒரு வேலை நமக்கு வேண்டாம் என்று நாம் சொல்வது வேறு, உனக்கு அது முடியாது என்று அவன் சொல்வது வேறு. இரண்டாவதை எதிர்க்காமல் முதலாவதைச் சொல்ல நமக்கு உரிமை வராது.

படம் ஏன் இரண்டு பெண்களில் ஒருத்தியை அழித்தது? ஒருத்தி என்றால் அதிசயம். இரண்டு பேர் என்றால் அது சாதாரணம் ஆகிவிடும். ஏன் இருநூறு பேர் இல்லை என்று கேள்வி வரும். நம்மிலும் ஒருத்தரை மேலே தூக்கிக் காட்டி, மீதிப் பேருக்குத் திறமை இல்லை என்று சொல்கிற பழக்கம் அவர்களுக்கு இருக்கிறதே, அதேதான் இது. படத்தின் நாயகிக்குப் பின்னால் ராணுவ அதிகாரியான அப்பா இருக்கிறார், கூடவே நிற்கிறார். அந்த அப்பா நல்லவர், சந்தேகமில்லை. ஆனால் அவளை அந்தக் காக்பிட் வரைக்கும் கொண்டுபோனது அப்பாவின் அன்பு மட்டுமில்லை; அவருக்குத் தெரிந்த உலகமும், வீட்டில் புழங்கிய இங்கிலீஷும்கூடத்தான். படம் அன்பை மட்டும் காட்டுகிறது.

என் தம்பி மகளுக்கு இப்போது பதினாறு வயது. ராஜாளியிலிருந்து ஹெலிகாப்டர் கிளம்பினால் அண்ணாந்து பார்த்து எந்த ரகம் என்று சொல்லிவிடுவாள். "அத்தை, பொண்ணுங்களும் ஓட்டலாமாமே, நான் போலாமா?" என்றாள். பிளஸ் டூவில் கணிதமும் இயற்பியலும் வேண்டும் என்று விசாரித்துச் சொன்னேன். அவள் பள்ளியில் அந்த குரூப்புக்கு ஒரு வருஷமாக இயற்பியல் ஆசிரியர் இல்லை. படைகளில் அதிகாரிகளைத் தேர்ந்தெடுப்பதில் பட்டியல் சாதிக்கு இடஒதுக்கீடு கிடையாது என்பதை இன்னும் அவளிடம் சொல்லவில்லை. அதைச் சொல்வதற்கு முன்னால் அந்த ஆசிரியர் பணியிடத்துக்கு மனு எழுதிக் கொடுத்திருக்கிறோம், பெற்றோர்கள் இருபத்தாறு பேர் கையெழுத்துப் போட்டு. அதில் பதினோரு பேர் கைநாட்டு.

இந்த இதழைப் படிக்கிற பெண்களிடம் ஒன்று கேட்கிறேன். பஸ்ஸில் கண்டக்டராக, கோர்ட்டில் அமினாவாக, லேத்தில், மின்கம்பத்தில், போலீஸ் ஸ்டேஷனில் ஒற்றை ஆளாக நின்றவர்கள் நீங்கள். யாரும் கையை முறுக்கவில்லை, ஆனால் என்னவோ நடந்தது என்றால் அந்த என்னவோவை எழுதுங்கள். உங்களோடு கூட நின்ற இன்னொருத்தியின் பெயரையும் சேர்த்து எழுதுங்கள்.