'ஃபிஃப்டி ஷேட்ஸ்' நாவல் வரிசை: வாசகர் வரவேற்பும் எதிர்ப்பும்

'ஃபிஃப்டி ஷேட்ஸ்' என்பது பிரித்தானிய எழுத்தாளர் ஈ. எல். ஜேம்ஸ் எழுதிய, காமம் சார்ந்த காதல் நாவல்களின் வரிசை. 'ஃபிஃப்டி ஷேட்ஸ் ஆஃப் கிரே', 'ஃபிஃப்டி ஷேட்ஸ் டார்க்கர்', 'ஃபிஃப்டி ஷேட்ஸ் ஃப்ரீட்' ஆகிய மூன்று நூல்களும் 2011க்கும் 2012க்கும் இடையில் வெளிவந்தன. 2015ஆம் ஆண்டுக்குள் 12.5 கோடிக்கும் அதிகமான பிரதிகள் விற்றதாகப் பதிப்பகத் தரப்பு அறிவித்தது. ஐம்பதுக்கும் மேற்பட்ட மொழிகளில் இவை மொழிபெயர்க்கப்பட்டன. இவ்வளவு விற்ற ஒரு வரிசை இவ்வளவு கேலிக்கும் உள்ளானது அரிது. இதை ஒரே இரவில் படித்து முடித்த வாசகர்களும் உண்டு. ஐம்பது பக்கத்தில் மூடி வைத்தவர்களும் உண்டு. எரிக்க வேண்டும் என்றவர்களும் உண்டு. இந்தப் பிளவு எங்கிருந்து வந்தது என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது.

தோற்றம்

ஈ. எல். ஜேம்ஸ் என்பது புனைபெயர். தொலைக்காட்சித் துறையில் பணியாற்றிய இவர், ஸ்டெஃபனி மேயரின் 'ட்வைலைட்' நாவல்களால் கவரப்பட்டு, அந்தக் கதைமாந்தர்களை வைத்து இணையத்தில் ரசிகப் புனைவு ஒன்றைத் தொடராக எழுதினார். பின்னர் பெயர்களையும் சூழலையும் மாற்றித் தனி நாவலாக்கினார். 2011 மே மாதத்தில் ஆஸ்திரேலியாவைச் சேர்ந்த ஒரு சிறு பதிப்பகம் முதல் நூலை மின்னூலாகவும், கேட்பவருக்கு அச்சிட்டுத் தரும் முறையிலும் வெளியிட்டது. பெரிய விளம்பரம் எதுவும் இல்லை. ஒரு பெண் படித்துவிட்டு இன்னொரு பெண்ணிடம் சொல்வது என்ற வாய்வழிப் பரவலே நூலை வளர்த்தது. 2012 வசந்தத்தில் விண்டேஜ் நிறுவனம் உரிமையை வாங்கி மறுபதிப்பு செய்தபின் உலகம் முழுவதும் விற்பனை பெருகியது. அதே ஆண்டில் 'டைம்' இதழின் செல்வாக்கு மிக்க நூறு பேர் பட்டியலில் ஜேம்ஸ் இடம்பெற்றார்.

இந்தத் தோற்றக் கதையே முதல் சர்ச்சைக்கு வித்திட்டது. பலர் இலவசமாகப் படித்து, கருத்துச் சொல்லி, ஊக்கம் கொடுத்து வளர்த்த ஒரு தொடர், பிறகு விலைக்கு விற்கும் நூலானது. அதைத் துரோகமாகக் கண்ட பழைய வாசகர்களும் இருந்தனர். தங்களில் ஒருவர் வென்றதாகக் கொண்டாடியவர்களும் இருந்தனர்.

கதைச் சுருக்கம்

அனஸ்டேசியா ஸ்டீல் இருபத்தொரு வயது இலக்கிய மாணவி. நோய்வாய்ப்பட்ட தோழிக்குப் பதிலாக, சியாட்டில் நகரத்து இளம் கோடீஸ்வரன் கிறிஸ்டியன் கிரேயைப் பேட்டி காணச் செல்கிறாள். இருவருக்கும் ஈர்ப்பு ஏற்படுகிறது. ஆனால் அவன் கேட்பது வழக்கமான காதல் அன்று. ஆளுமை செலுத்துபவன், அடங்கி நடப்பவள் என்ற நிலையில் எழுத்துமூல ஒப்பந்தம் போட வேண்டும் என்கிறான். அவள் என்ன உண்ண வேண்டும், எவ்வளவு நேரம் உறங்க வேண்டும் என்பது வரை அதில் விதிகள் உண்டு. அந்த ஒப்பந்தத்தில் அவள் கடைசிவரை கையெழுத்திடுவதில்லை. முதல் நூலின் முடிவில், அவன் தரும் தண்டனையின் கடுமையை ஒருமுறை நேரில் அறிந்தபின் அவனை விட்டுப் பிரிகிறாள். அடுத்த இரு நூல்களில் அவர்கள் மீண்டும் சேர்கிறார்கள். அவனது குழந்தைப் பருவத் துயரங்கள் தெரியவருகின்றன. திருமணம், குழந்தைகள் என்று கதை முடிகிறது.

விரும்பியவர்களின் காரணங்கள்

இந்நூல்களை விரும்பியவர்களில் பெரும்பாலோர் பெண்கள்; அவர்களில் பலர் திருமணமானவர்கள். ஆங்கில ஊடகங்கள் இதை 'அம்மாக்களின் ஆபாச நூல்' என்ற பொருள்படும் சொல்லால் அழைத்தன. அச்சொல்லில் வியப்பை விட ஏளனமே அதிகம். பிள்ளை பெற்ற பெண்ணுக்கு ஆசை இருப்பதே வேடிக்கை என்ற நினைப்பு அதில் ஒளிந்திருந்தது. ஆண்களுக்கான கிளர்ச்சி இதழ்கள் பல பத்தாண்டுகளாகக் கடைகளில் தொங்கியபோது யாரும் அவற்றின் வாசகர்களை 'அப்பாக்கள்' என்று அடைமொழி இட்டுச் சிரிக்கவில்லை.

மின்னூல் கருவிகள் பரவிக்கொண்டிருந்த காலம் அது. அட்டைப்படம் வெளியே தெரியாது என்பதால் தொடர்வண்டியிலும் அலுவலக இடைவேளையிலும் கூச்சமின்றிப் படிக்க முடிந்தது. அச்சு நூலின் அட்டையிலும் தழுவி நிற்கும் ஆணும் பெண்ணும் இல்லை. ஒரு கழுத்துப்பட்டை மட்டுமே இருந்தது.

கதையின் உள்ளேயும் காரணங்கள் உண்டு. கதை ஏறத்தாழ முழுவதும் பெண்ணின் பார்வையில், தன்மையில் சொல்லப்படுகிறது. காமக் காட்சிகளில் மையமாக இருப்பது அவளது இன்பம். அவள் கேள்வி கேட்கிறாள், மறுக்கிறாள், கேலி செய்கிறாள், மின்னஞ்சலில் அவனோடு வாயாடுகிறாள். தன் விருப்பத்தைச் சொல்லவே பழகாத வாசகிக்கு, விருப்பங்களைப் பட்டியலிட்டு 'இது வேண்டும், இது வேண்டாம்' என்று இருவர் உட்கார்ந்து பேசும் காட்சி புதிதாக இருந்தது. அந்தப் பேச்சில் அவன் கை ஓங்கியிருந்தாலும், பேச்சு நடந்தது என்பதே பலரை ஈர்த்தது.

மொழிநடை மீதான விமர்சனம்

எதிர்ப்பில் முதலாவது மொழி பற்றியது. சல்மான் ருஷ்டி உட்படப் பல எழுத்தாளர்கள் இதன் நடையை வெளிப்படையாகப் பழித்தனர். அவர்கள் சுட்டிய குறைகள் உண்மையானவை. நாயகி உதட்டைக் கடிப்பதும், நாயகன் அதைக் கண்டு கிளர்ச்சியடைவதும் அத்தியாயத்துக்கு அத்தியாயம் வருகின்றன. அவளுக்குள் இருக்கும் 'தேவதை' ஒவ்வொரு உணர்ச்சிக்கும் எழுந்து நடனமாடுகிறாள். ஒரே வியப்புச் சொற்கள் திரும்பத் திரும்ப ஒலிக்கின்றன. அமெரிக்க மாணவி பல இடங்களில் இங்கிலாந்துக்காரி போலப் பேசுகிறாள்.

இங்கு ஒரு நுட்பமான செய்தியைக் கவனிக்க வேண்டும். நூலை விரும்பியவர்களில் பலரே இந்தக் குறைகளை மறுக்கவில்லை. நடை மோசம்தான், ஆனாலும் கீழே வைக்க முடியவில்லை என்பதே அவர்களின் பொதுவான பதில். தொடராக வெளிவந்த எழுத்துக்கு உரிய வேகம் இதில் இருக்கிறது. அத்தியாயம் முடியும் இடத்தில் ஓர் அழைப்போ மிரட்டலோ மின்னஞ்சலோ காத்திருக்கும். ஆக, 'மோசமாக எழுதப்பட்டது' என்று நிறுவிவிட்டால் வாசகரின் விருப்பம் தவறு என்று நிறுவியதாகாது. 2012இல் பிரித்தானிய தேசிய நூல் விருதுகளில் முதல் நூல் வெகுசனப் புனைவுக்கான பரிசைப் பெற்றது. 2015இன் திரைப்படமோ ஆண்டின் மிக மோசமான படத்துக்கான 'கோல்டன் ராஸ்பெரி' கேலிப் பரிசைப் பகிர்ந்துகொண்டது. இரண்டும் ஒரே கதைக்குக் கிடைத்தவை.

சம்மதம் பற்றிய கேள்வி

மொழியை விடக் கனமான குற்றச்சாட்டு, இது காதலா அல்லது கொடுமையா என்பது. கிறிஸ்டியன் அவளது கைப்பேசி வழியே அவள் இருக்கும் இடத்தைக் கண்டறிகிறான். தாயைப் பார்க்கப் போன இடத்துக்கு அழைக்காமலே வந்து நிற்கிறான். அவளது பழைய காரை விற்றுவிட்டுப் புதியது தருகிறான். அவள் வேலை செய்யும் பதிப்பகத்தையே வாங்குகிறான். இவை யாவும் கதையில் அக்கறையின் அடையாளங்களாக வருகின்றன. ஏமி போனமி தலைமையிலான அமெரிக்க ஆய்வாளர்கள் 2013இல் வெளியிட்ட ஆய்வு, குடும்ப வன்முறைக்கான பொதுச் சுகாதார வரையறைகளை முதல் நூலின் நிகழ்ச்சிகளோடு ஒப்பிட்டது. பின்தொடர்தல், அச்சுறுத்தல், தனிமைப்படுத்தல் ஆகிய உளவியல் கொடுமைகள் ஏறத்தாழ எல்லாச் சந்திப்புகளிலும் இருப்பதாக அது முடிவு கூறியது. அடுத்த ஆண்டில் அதே குழு, இந்நூலைப் படித்த இளம்பெண்களிடையே கொடுமை செய்யும் துணைவரைக் கொண்ட அனுபவம் கூடுதலாக இருப்பதாகக் கண்டது. ஆனால் நூல் முந்தியதா, அனுபவம் முந்தியதா என்பதை அந்த ஆய்வு முறையால் சொல்ல இயலாது. ஊடகங்கள் இந்த வேறுபாட்டைப் பெரும்பாலும் விட்டுவிட்டன.

வியப்பாக, பி.டி.எஸ்.எம். முறையைத் தம் வாழ்வில் கடைப்பிடிப்போரும் எதிர்ப்பில் சேர்ந்தனர். அவர்களின் மனக்குறை வேறு. அவர்களிடையே சம்மதமே முதல் விதி. எந்த நேரத்திலும் நிறுத்தச் சொல்லும் பாதுகாப்புச் சொல் அதன் அடித்தளம். நாவலில் பாதுகாப்புச் சொற்கள் இருக்கின்றன. ஆனால் முதல் நூலின் இறுதிக் காட்சியில், கண்ணீர் விடும் நிலையிலும் நாயகி அவற்றைச் சொல்லவில்லை, அவனும் கேட்டறியவில்லை. மேலும், இத்தகைய விருப்பம் சிறுவயதுக் காயத்தால் வந்த நோய் என்றும் காதலால் குணமாகும் என்றும் கதை சொல்கிறது. தங்கள் விருப்பத்தை இப்படி நோயாக்கியதை அவர்கள் ஏற்கவில்லை.

2015இல் அதே கதை கிறிஸ்டியனின் பார்வையில் 'கிரே' என்ற பெயரில் வந்தபோது இந்தக் கேள்வி கூர்மையானது. பெண்ணின் காதல் பார்வை விலகியவுடன், அவனது எண்ணங்கள் முன்னைவிட அச்சமூட்டுவதாகப் பல விமர்சகர்கள் எழுதினர்.

தடைகளும் எதிர்ப்பு நடவடிக்கைகளும்

2012இல் ஃபுளோரிடா மாநிலத்தின் பிரெவர்ட் மாவட்டப் பொது நூலகங்கள் இந்நூலை அகற்றின; மக்கள் எதிர்ப்புக்குப் பின் சில வாரங்களில் திரும்ப வைத்தன. அமெரிக்க நூலகச் சங்கம் ஆண்டுதோறும் வெளியிடும், அதிக ஆட்சேபத்துக்கு உள்ளான நூல்களின் பட்டியலில் 2012, 2013, 2015 ஆகிய ஆண்டுகளில் இது இடம்பெற்றது. வடகிழக்கு இங்கிலாந்தில் வன்முறைக்கு உள்ளான பெண்களுக்கு உதவும் ஓர் அமைப்பு, பிரதிகளை எரிக்கப் போவதாக அறிவித்தது. இந்தியாவில் 2015ஆம் ஆண்டுத் திரைப்படத்துக்குத் தணிக்கை வாரியம் சான்றிதழ் மறுத்தது.

இவ்வெதிர்ப்புகளை ஒன்றாகக் கருதுவது பிழை. நூலகத்தின் ஆட்சேபம் 'இது ஆபாசம்' என்பது. பெண்கள் அமைப்பின் ஆட்சேபம் 'இது கொடுமையை அழகாக்குகிறது' என்பது. முதலாவது பெண் என்ன படிக்கலாம் என்பதைப் பிறர் முடிவு செய்வது. இரண்டாவது அவளது பாதுகாப்பை எண்ணி எழுந்தது. எனினும் எரிப்பு என்ற வழியில் அதுவும் முதலாவதன் பக்கத்திலேயே போய் நின்றது.

ஆய்வாளர் பார்வை

காதல் நாவல் வாசகிகளைப் பற்றி ஜானிஸ் ராட்வே 1984இல் எழுதிய 'ரீடிங் த ரொமான்ஸ்' என்ற நூல் இங்கே பெரிதும் உதவுகிறது. அமெரிக்காவின் ஒரு சிற்றூர்ப் பெண்களிடம் பேசிய அவர், அவர்களுக்குப் படிப்பதே ஓர் அறிவிப்பாக இருந்ததைக் கண்டார். நாளெல்லாம் பிறருக்காக உழைப்பவள், நூலைக் கையில் எடுத்தால் அந்த நேரம் அவளுடையது. அதே சமயம், நாயகனின் தொடக்கக் கொடுமையை 'அது காதல்தான், வெளிப்படுத்தத் தெரியவில்லை' என்று பின்னோக்கிப் பொருள் மாற்றிக்கொள்ள இவ்வகை நாவல்கள் பழக்குகின்றன என்றும் அவர் எச்சரித்தார். கிறிஸ்டியன் கிரேயின் கதை அந்த விளக்கத்துக்கு அப்படியே பொருந்துகிறது.

சமூகவியலாளர் ஈவா இல்லூஸ் 2014இல் வெளியிட்ட நூலில், இவ்வரிசையைத் தன்னுதவி நூலைப் போல இயங்குவதாக விளக்கினார். இன்றைய காதலில் யார் எவ்வளவு கொடுப்பது, யார் பொறுப்பேற்பது என்பதில் ஓயாத குழப்பம் நிலவுகிறது. ஒப்பந்தம் அந்தக் குழப்பத்துக்கு ஒரு கற்பனைத் தீர்வு; அதில் ஒவ்வொருவரின் பங்கும் எழுதப்பட்டிருக்கிறது.

இலக்கிய முன்னோடி

இத்தகைய பிளவு புதிதன்று. 1740இல் வெளிவந்த சாமுவேல் ரிச்சர்ட்சனின் 'பமேலா'வில், செல்வந்த எசமானன் தன் பணிப்பெண்ணைத் துரத்துகிறான், சிறைவைக்கிறான், இறுதியில் திருந்தி மணக்கிறான். அன்றும் வாசகர்கள் ஆதரவாளர், எதிர்ப்பாளர் என்று இரண்டாகப் பிரிந்தனர். ஹென்றி ஃபீல்டிங் 'ஷமேலா' என்று பகடி எழுதினார். கிறிஸ்டியன், அனஸ்டேசியாவுக்குத் தாமஸ் ஹார்டியின் 'டெஸ்' நாவலின் முதற்பதிப்பைப் பரிசளிக்கிறான். வலிய ஆணால் அழிக்கப்பட்ட பெண்ணின் கதை அது. ஜேம்ஸ் அந்த எச்சரிக்கையை நாயகியின் கையில் கொடுத்தார்; ஆனால் கதையை 'பமேலா'வின் முடிவுக்கே கொண்டுசென்றார்.

மதிப்பீடு

இவ்வரிசை பற்றிய விவாதத்தில் மூன்று கேள்விகள் கலந்து கிடக்கின்றன: நன்றாக எழுதப்பட்டதா, நல்ல உறவைக் காட்டுகிறதா, இதை விரும்பும் பெண் எப்படிப்பட்டவள்? முதல் கேள்விக்கு இல்லை என்று சொல்லலாம். இரண்டாவதற்கும் பெரும்பகுதி இல்லை என்றே சொல்ல வேண்டும். படுக்கையறை ஒப்பந்தத்தை விட, அதற்கு வெளியே அவளது வேலையையும் நட்பையும் இருப்பிடத்தையும் அவன் கண்காணிப்பதே கவலைக்குரியது. மூன்றாவது கேள்வியோ எழுப்பப்பட்டிருக்கவே கூடாது. கற்பனையில் ஒன்றை ரசிப்பவர் வாழ்வில் அதையே வேண்டுகிறார் என்று துப்பறியும் கதை வாசகரைப் பற்றி யாரும் சொல்வதில்லை.

வாசகிகளை ஏளனம் செய்ததால் ஒரு தீங்கு நேர்ந்தது. 'நீங்கள் படிப்பது குப்பை' என்று கேட்டவர்கள், 'இந்த நாயகன் செய்வது கண்காணிப்பு' என்று அக்கறையோடு சொன்ன குரலையும் அதே ஏளனமாக எண்ணி ஒதுக்கினார்கள். 2016இல் வேல்ஸின் ஸ்வான்சி நகரில் உள்ள ஆக்ஸ்பாம் பழைய பொருள் கடை, இந்நூலின் பிரதிகள் குவிந்துவிட்டதால் இனி யாரும் கொண்டுவந்து தர வேண்டாம் என்று கேட்டுக்கொண்டது. வாங்கிய பலர் நூலை வைத்துக்கொள்ளவில்லை. ஆயினும் சம்மதம் என்றால் என்ன, அக்கறை எங்கே முடிந்து ஆதிக்கம் எங்கே தொடங்குகிறது என்ற பேச்சு, இந்நூல்களால் வகுப்பறைக்கும் சமையலறைக்கும் வந்து சேர்ந்தது. அந்தப் பேச்சைத் தொடர விரும்பும் மாணவர், நூலை விரும்பியவரிடமும் வெறுத்தவரிடமும் ஒரே கேள்வியைக் கேட்டுத் தொடங்கலாம்: கிறிஸ்டியன் கிரேயிடம் பணம் இல்லாதிருந்தால், அவன் செய்தவற்றுக்கு என்ன பெயர் வைத்திருப்பீர்கள்?